மேட்டைக் கொண்டுவந்தவள்

முசரவாக்கம் போகிற வழியில், ஏரிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தெருவைச் சித்திரை மாதத்தில் பார்க்கிறவன், "ஆகா, என்ன அருமையான மனை!" என்பான். ஐப்பசியில் வந்து பார்க்கட்டும், தெரியும் சேதி! முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். உலகத்தில் எங்கே போனாலும் இதுதான் கதை. மழையையும் வெயிலையும் பார்த்துத்தான் மனிதன் வீடு கட்டுகிறான். நல்ல மேடாகப் பார்த்து வசதிக்காரன் முதலில் பிடித்துக்கொள்கிறான். அந்தக் காலத்தில் அடுத்தவன் வயலில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு மிஞ்சியது பள்ளம்.

கிரேஸின் குடும்பத்துக்குக் கிடைத்ததும் அதே பள்ளம்தான். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். ஊரார் வீட்டுக் கல்யாணப் புடவைகளை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் என்ன கதி? போன மழையில் அதுதான் நடந்தது. ஒரு முகூர்த்தப் புடவை நனைந்து சாயம் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் யாரும் அவளை நம்பிப் புடவை கொடுக்க மாட்டார்கள்.

கம்பெனி வேன் ஓட்டும் அவள் புருஷன் சாமுவேல், தண்ணீர் வடிந்த கொஞ்ச நாளில் முடிவு கட்டிவிட்டான்.

"வித்துட்டு ஒரகடம் பக்கம் வாடகைக்குப் போயிடலாம் கிரேஸு. மழைகூட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"மேல்தெருவுல நமக்கு மனை குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாத்துட்டேன். இல்லன்னுட்டாங்க."

"மேட்டுல நமக்கு எடம் இல்லன்னா, மேட்ட நம்ம வீட்டுக்கு அடியில கொண்டாந்துடலாம்பா," என்றாள் கிரேஸ்.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற அர்ஜுனனிடம் அவள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள். கெட்டிக்காரி! அடுத்த வீட்டு ரேணுகாம்பாள் வாயில் கைவைத்தாள். "இன்னாடி இது, வீடா, லாரி டயரா? ஜாக்கி வெக்கறேன்ற!"

சாமுவேல் ஒரு நிபந்தனை போட்டான். சுவரில் விரிசல் விட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும். வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். "ஆவட்டும்," என்றாள் கிரேஸ்.

ஆனியில் வேலை தொடங்கியது. சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். அர்ஜுனன் குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாகத் திருக வேண்டும். ஒருவன் முந்தினாலும் வீடு சாய்ந்துவிடும். தெருவே வேடிக்கை பார்க்க, கிரேஸ் ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"இது சிந்துச்சுன்னா நிறுத்துங்க. அதுவரைக்கும் எவன் பேச்சையும் கேக்காதீங்க."

"எல்லாரும்... திருகு!" என்றான் அர்ஜுனன்.

வீடு அசைந்தது. நூல் நூலாக ஏறியது. சாயங்காலத்துக்குள் ஒரு சாண் ஏறியிருக்கும், படாரென்று ஒரு சத்தம்!

"நிறுத்துங்கபா! விரிசல் விட்டுடுச்சு!" என்று சாமுவேல் கத்தினான்.

கிரேஸ் ஓடிப்போய் டம்ளரைப் பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அர்ஜுனன் சுவரெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சுவரு கல்லு மாதிரி இருக்குதுமா. பழைய வாசக்கால்தான் சத்தம் போடுது."

"அப்ப இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? திருகுங்க!"

அவள் போட்ட கூச்சலில் மேல்தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். சில நாளில் வீடு இடுப்பளவு ஏறி நின்றது. அடியில் செங்கல் கட்டி, மண் கொட்டி இறுக்கி, புதுத் தரை போட்டு, வாசலுக்குப் படிகளும் கட்டினார்கள்.

ஐப்பசி வந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி வழிந்த அன்று, வேலைக்குப் போயிருந்த சாமுவேல் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் துழாவிக்கொண்டு வந்து சேர்ந்தான். கீழ்ப்படிகள் முழுகியிருந்தன. மேலே ஏறியவன் வாசலிலேயே குனிந்து, உள்தரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தான்.

"கிரேஸு, சொட்டு ஈரம் இல்ல!" என்றான்.

தரையில் துணி விரித்து, அதன்மேல் மாம்பழ நிறக் கல்யாணப் புடவையைப் பரப்பிக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த கிரேஸ் வாய்விட்டுச் சிரித்தாள். "பின்ன? மழை நம்மளத் தொரத்துமா? ஈரக் காலோட புடவைய மிதிக்காத. போயி ரேணுகாக்காவ கூட்டிக்கினு வா, கட்டில் மேல குந்திக்கினு இருக்காங்க."

அன்று பள்ளத்தெரு மொத்தமும் கிரேஸ் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. டீயைக் குடித்து முடித்த ரேணுகாம்பாள், மற்றவர்கள் முந்துவதற்குள் கேட்டாள்.

"அந்த அர்ஜுனன் நம்பரு குடுடி. தை மாசம் எங்க வீட்டத் தூக்கணும்."