தர்தீரி ஏறாத கப்பல்

ஹஜ் முடித்துத் தர்தீரி ஊர் திரும்பிய மூன்றாம் வாரம், அவன் வீட்டுச் சுவரில் வரைந்திருந்த கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கினா நகருக்குத் தெற்கே நைல் ஓரம் இருக்கும் எங்கள் ஊரில் அன்றைக்குப் பேச வேறு விஷயங்களும் இருந்தன. கரும்புக்குத் தண்ணீர் முறை மாறியிருந்தது, இமாம் வீட்டு எருமை கன்று போட்டிருந்தது. மதியத்துக்குள் கப்பல் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. மேல்தளத்தில் வெள்ளைத் துணி உடுத்தி நின்ற தர்தீரியின் உருவம் மட்டும் எப்போதோ இறங்கி, கரையில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போனால், அவர் திரும்புவதற்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, அவர் போன வழியையெல்லாம் சுவரில் வரைந்துவிடுவோம். அங்கே என்ன பார்த்தார் என்று கேட்கிற வரைக்கும் எங்களுக்குப் பொறுமை கிடையாது. வந்தவர் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தர்தீரியின் சுவரை வரைந்தவர் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் அய்யாத். அவர் கிறிஸ்தவர், மக்காவை அஞ்சலட்டையில் பார்த்ததோடு சரி. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் பாதி ஹாஜிகளின் சுவர் அவர் கைவேலைதான். வாசலுக்கு வலப்பக்கம் கப்பல், இடப்பக்கம் கஅபா, நடுவில் ஒட்டகங்கள் என்று எல்லாம் முடிந்த பிறகு மஞ்சள் பெயிண்ட் மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று பேரீச்ச மரத்தடியில் ஒரு சிங்கத்தையும் போட்டுவைத்தார்.

தர்தீரி ஸஃபாகா துறைமுகம் வரைக்கும் போனது உண்மை. அங்கே கப்பலின் உயரத்தைப் பார்த்ததும் அந்த வீரன் ஏணியில் கால் வைக்காமல் திரும்பி நடந்தான். ஹஜ் காலம் முழுவதும் துறைமுகத்துக் காப்பிக் கடையில் ஹுக்கா இழுத்துக்கொண்டு கிடந்தான். பிறகு திரும்பி வந்த ஹாஜிகளின் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். ஊரே திரண்டு வரவேற்று, அவன் அறுத்த கிடாவை எலும்பு மிஞ்சாமல் தின்றது. அதன் பிறகு அவன் தினமும் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்ததையெல்லாம் கண்ணால் கண்டதாகச் சொன்னான்.

"சிங்கம்கூடவா பார்த்தீங்க ஹாஜி?" என்று யாரோ கேட்டார்கள்.

"மக்கா பக்கத்துல, மினாவுல பார்த்தேன். கழுத்துல ஒரு கயிறுகூடக் கிடையாது. அது பாட்டுக்கு நிக்குது, நாங்க பாட்டுக்குப் போறோம்."

இருபது வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே ஹஜ்ஜுக்குப் போய்வந்த மஹ்ரான் பெரியவர் அங்கே இருந்தார். அவர் சுவரை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஆமாமா, நான் போனப்போ அது குட்டி" என்றார். ஒரு வாரத்தில் ஊரிலிருந்த மற்ற ஹாஜிகளுக்கும் சிங்கம் ஞாபகம் வந்துவிட்டது.

தர்தீரியின் மனைவி நபவிய்யா சிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுடைய தம்பி பகீத் கரும்புப் படகோடு நைலில் கவிழ்ந்து போனவன். உடல் கிடைக்கவில்லை, போய் நின்று அழ ஒரு கபர் கிடையாது. கஅபாவின் முன்னால் அவன் பெயரை ஒரு தடவை சொல்லி துஆ கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் அவள் புருஷனிடம் கேட்ட ஒரே விஷயம். வந்த அன்றே கேட்டாள். "சொல்லாம வருவேனா? கத்திச் சொன்னேன். பக்கத்துல நின்ன இந்தோனேசியாக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்" என்றான். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கப்பல் புறப்பட்ட அன்று சுவர் முன்னால் நின்று, கரையில் நிற்கும் உருவத்தைப் பார்த்தாள். தம்பியின் பெயர் அங்கே சொல்லப்படவில்லை என்பது புரிந்தது. தர்தீரி ஓடிப்போய் அய்யாத்தைக் கூட்டிவந்து தன்னை மறுபடி கப்பலில் வரையச் சொன்னான். விடிந்தபோது உருவம் கரையில் உட்கார்ந்து ஹுக்கா இழுத்துக்கொண்டிருந்தது. கொடிமரத்தோடு சேர்த்துக் கட்டி வரையச் சொன்னான். அது கயிற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. வாத்தியார் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, இனி தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊர் என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை. அவன் ஹாஜி இல்லை என்றால் தின்ற கறிக்கு என்ன பதில் சொல்வது? சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்றார்கள். ஈரலைத் தனியாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோன இமாமும் ஈரம்தான் என்றார். மூலையில் கசிந்த உப்புத் தண்ணீரை ஆடுகள் வந்து நக்கின. இவ்வளவு பேர் வாயை அடைக்க ஒரு கிடா போதுமென்றால், எங்கள் ஊரின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் சுவர் மூலையைத் தொட இருந்த நேரம், நபவிய்யா அடுப்பிலிருந்து கரியை எடுத்துவந்து அதன் மேல்தளத்தில் தன்னை வரைந்தாள். ஒரு வட்டம், அதற்குக் கீழே ஒரு கறுப்பு அங்கி, அவ்வளவுதான்.

"பொம்பளையைப் போயி யாராச்சும் சுவத்துல போடுவாங்களா?" என்று மஹ்ரான் பெரியவர் கத்தினார்.

"ஆம்பளையைத்தான் போட்டுப் பார்த்தாச்சே பெரியவரே. ஒரு ராத்திரி நின்னானா?"

கரி உருவம் நின்றது. கப்பல் மூலை திரும்பி, பக்கச் சுவரோடு போய், வைக்கோல் சாத்தியிருந்த பின்சுவரையும் கடந்தது. நபவிய்யா எங்கும் போகவில்லை. மாவு பிசைந்தாள், மாட்டுக்குத் தீவனம் போட்டாள், நடுநடுவே குமட்டுகிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நிழலிலேயே இருந்தவளுக்கு முகம் வெயிலில் கறுத்தது. வீட்டைச் சுற்றி வந்த கப்பல் வாசலின் இடப்பக்கம் கஅபாவுக்கு அருகே ஒதுங்கியபோது, அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்து இரண்டு கைகளையும் ஏந்தி, "யா அல்லாஹ், என் தம்பி பகீத்" என்றாள். பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அடுப்பில் ரொட்டி கருகியது. கூட்டத்தில் யாரோ இடித்ததுபோல் அவள் தோள் கன்றியிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள்.

பெரியவர்கள் சோதிக்க வந்தார்கள். சுவரில் இல்லாததையெல்லாம் அவள் சொன்னாள். பளிங்குத் தரை காலைச் சுடாமல் குளிர்ந்திருந்ததைச் சொன்னாள், பேன் கடியிலும் மூட்டைப்பூச்சிக் கடியிலும் ராத்திரியெல்லாம் புரண்டு கிடந்த கூடாரத்தைச் சொன்னாள். தான் மறந்தே போயிருந்த கூடாரம் அப்போதுதான் மஹ்ரான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது.

"சிங்கம் பார்த்தியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சிங்கமா? எந்த மடையன் சொன்னான்?"

பெரியவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் அவளை, ஹஜ் போய்வந்த பெண்ணைக் கூப்பிடுவதுபோல, ஹஜ்ஜா என்று கூப்பிட்டார்கள், கரும்பு வெட்டு முடிவதற்குள் ஆண்களும் கூப்பிட்டார்கள். இதற்குக் கிடா எதுவும் அறுக்கவில்லை. கப்பல் இடப்பக்கமே நின்றுவிட்டது, ஆடுகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்தபடி தர்தீரி கேட்டான்: "அங்க என் பேரையும் சொன்னியா?"

நபவிய்யா அவனுக்கு இன்னொரு ரொட்டி வைத்தாள். "சொல்லலாம்னுதான் நெனச்சேன் ஹாஜி. நீங்கதான் நேர்ல வந்திருப்பீங்களேன்னு விட்டுட்டேன்."

அவன் அந்த ரொட்டியைத் தின்று முடித்தான்.