சிவப்பில் பதினேழு வரி

அயர்லாந்தில் காலை பத்து மணி என்றால் அறந்தாங்கியில் பிற்பகல் இரண்டரை. விசாரணைக்கு இன்னும் பத்து நிமிடம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அன்புச்செல்விக்கு உள்ளங்கை வேர்த்து வேர்த்து வழுக்கியது. சத்தம் வரக்கூடாதென்று அம்மா பரிமளா குக்கரை இறக்கி வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

அயர்லாந்துக்கு நீரியல் முதுகலை படிக்கப் போனவள், முதலாண்டுத் தேர்வைப் புத்தகமோ கைபேசியோ இல்லாமல் தேர்வுக்கூடத்துக் கணினியில் எழுதினாள். விடுமுறைக்கு ஊர் வந்த இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. அங்கே விடைகளை ஒரு மென்பொருள் நூல்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாக்கும். நிலத்தடி நீர் ஊறுவதைப் பற்றிய அவள் விடையில் பதினேழு வரி சிவப்பு. காற்புள்ளிகூட மாறவில்லை. துண்டுத்தாள் கொண்டுபோனது உறுதியானால் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்குவார்கள். விசாவும் போகும்.

அவள் கொண்டுபோனது பழைய ஆங்கிலப் பாடநூலின் மனப்பாடத்தை மட்டும்தான். இங்கே இளங்கலையில் அதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. கேள்வித்தாள் எடுப்பவர் ஒருவர், திருத்துபவர் முன்பின் தெரியாத இன்னொருவர். பெயர் மறைத்து வரும் கட்டுக்கட்டான தாள்களைத் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும்; அதிலுள்ள சொல் கண்ணில் பட்டால் மதிப்பெண் விழும். இதில் யாருக்கும் சலுகை காட்ட முடியாது, அது நல்லதுதான். ஆனால் புத்தக வரியை அப்படியே எழுதுவதே பத்திரம் என்று பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். அவள் போன இடத்திலோ பாடம் நடத்துபவரே கேள்வி எடுத்து அவரே திருத்துகிறார். புத்தகம் சொல்வது அவருக்குத் தெரியும்; மாணவி என்ன நினைக்கிறாள் என்றுதான் பார்க்கிறார். யார் எழுதியது என்று குறிப்பிடாத வரி அங்கே திருட்டு. முதல் நாள் தந்த விதிமுறைத் தாளில் அப்படித்தான் இருந்தது. அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் இருந்த பேராசிரியை கோபப்படவில்லை; அதுவே இன்னும் பயமாக இருந்தது. மனப்பாடம் என்றால் இப்போது சொல்லிக் காட்டும்படி கேட்டார்.

மூன்று வரி தடையில்லாமல் வந்தது. நான்காவதில் நின்றுவிட்டாள். எவ்வளவு துழாவியும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

அடுக்களைப் பக்கமிருந்து நான்காவது வரியின் முதல் சொல் கேட்டது.

பரிமளாவுக்கு அது தானாக வந்துவிட்டது. இளங்கலை மூன்று வருடமும் தினம் புத்தகத்தைப் பிடித்து, வரிமேல் விரலை ஓட்டி, மகள் ஒப்பிப்பதைச் சரிபார்த்தவள். தடுக்கினால் எடுத்துக் கொடுப்பது பழக்கம்.

அன்புச்செல்வி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். விசாரணையிலேயே எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். இனி எதைச் சொன்னாலும் நம்புவார்களா?

அறையில் இருப்பவர் யார் என்று கேட்டு, முன்னால் வரச் சொன்னார்கள்.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்ட?"

"நீ நின்னுட்டியே பாப்பா. வாய் சும்மா இருக்கல."

வெறுங்கையைக் காட்டச் சொல்லி, மீதியையும் சொல்லச் சொன்னார்கள். பரிமளா ஒன்பது வரி சொன்னாள், மகள் ஒப்பிக்கையில் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கி. அர்த்தம் தெரியுமா என்று அவர்கள் கேட்டதை அன்புச்செல்வி தமிழில் அம்மாவிடம் கேட்டாள்.

"எனக்கெங்க தெரியும்? ஒனக்குத் தெரியும்ல, அதச் சொல்லு."

பேராசிரியையும் அதையேதான் கேட்டார்: உன் ஊரை வைத்து விளக்கு.

இந்தக் கேள்விக்கு அவளிடம் எந்தப் பக்கமும் இல்லை. மாமா ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டு திக்கித் திக்கி ஆரம்பித்தாள். கண்மாய் நிரம்பி இரண்டு வாரம் கழித்துத்தான் கீழ்ப்பக்கத்துக் கிணற்றில் நீர் ஏறும். பாறை குறுக்கிட்ட கிணறு ஏறவே ஏறாது. ஏன் இரண்டு வாரம் என்றார் அவர். தெரியாது, மண்ணைச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றாள். அவர் முதல்முறையாக எதையோ குறித்துக்கொண்டார்.

மூவரும் சற்றுநேரம் விலகிப் பேசிவிட்டு வந்தார்கள். துண்டுத்தாள் குற்றச்சாட்டு இல்லை. அந்த விடைக்குச் சுழியம். ஆகஸ்டில் மறுதேர்வு, புதுக் கேள்விகள்.

அன்புச்செல்வி கணினியை மூடிவிட்டு, அவர்கள் கேட்டதையும் தான் சொன்னதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். பரிமளா பழைய பாடநூலை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கத்துலேருந்து பிடிக்கட்டும்?"

அன்புச்செல்வி புத்தகத்தை வாங்கி மூடினாள். "பக்கமெல்லாம் இல்லம்மா. நீ கேள்வி கேளு."

"நா என்னத்தக் கேக்க?" பரிமளா கொஞ்சம் யோசித்தாள். "கெணறு ஏற ஏன் ரெண்டு வாரம் ஆகுது?"

அன்புச்செல்வியின் உள்ளங்கை மறுபடி வேர்த்தது.