ஈரப்பலாப் பசை

"படிக்காத கடிதம் கப்பலேறாது. யுத்தச் சட்டம்!" என்றார் தணிக்கை அதிகாரி ஹார்வுட்.

கடிதத்தைக் கொண்டுவந்த துத்தேரு கடலைப் பார்த்தான். பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நின்றது. இது போனால் அடுத்தது எப்போதோ. ரரோடோங்கா தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அகைத்தியை அங்கே ஒரு கடைக் குமாஸ்தா பெண் கேட்டிருந்தான். அவள் சம்மதம் சொல்வதற்குள் இவன் கடிதம் அவளிடம் சேர வேண்டும்.

இந்த ஐடுடாகித் தீவில் உறைக்குத் தட்டுப்பாடு. தாளின் ஒரு பாதியில் எழுதி, மறு பாதியை அதன்மேல் மடித்து ஒட்டியிருந்தான்.

"எதைப் போட்டய்யா ஒட்டினே?"

"ஈரப்பலா மரத்துப் பால் சார். படகு ஓட்டைய அடைப்போமே, அதேதான். கடல்ல விழுந்தாலும் நனையக் கூடாதுன்னு..."

ஹார்வுட் நெம்பிய கத்தி வளைந்தது. வெந்நீர் ஆவி பட்டதும் பசை இன்னும் இறுகியது.

"தேங்காயெண்ணெய் ஊத்துங்க சார்!" என்று ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். ஹார்வுட் தாராளமாக ஊற்றினார். கடிதம் திறக்கவில்லை, கண்ணாடியாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருக்கு எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. வெளியே நின்றவர்களுக்கோ நேராகத் தெரிந்தது.

முன்வரிசையில் நின்றவள் தெபுரா, அகைத்தியின் தாய். 'குமாஸ்தாவையே கட்டிக்கொள்' என்று எழுதிய கடிதத்தைச் சற்று முன்புதான் தபாலில் சேர்த்திருந்தாள். தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

"'அகைத்தி, என்னைக் கட்டிக்க. உங்க அம்மாவப் பாத்தா எனக்கு நடுக்கம்...'"

கூட்டம் கைதட்டியது.

"அத்தை, போதும் அத்தை!" என்று துத்தேரு கெஞ்சினான்.

"சும்மா இருடா. 'ஆனா அவங்க தனியா சாப்பிடறதப் பாக்க மனசு கேக்கல. நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்.'"

அவள் வாசிப்பதை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"துரை, நான் போட்ட கடிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"அந்தத் தபால் பையைக் கட்டி அரக்கு வெச்சாச்சும்மா. பிரிக்கக் கூடாது."

"அப்ப இதை என் கையில குடுங்க. நானே கொண்டு போறேன்."

"தணிக்கையாகாத கடிதத்தை..."

"ஊரே படிச்சாச்சு! இன்னும் என்ன தணிக்கை?"

எண்ணெய் சொட்டும் தாளைப் பிடுங்கிக்கொண்டு, கப்பலுக்குப் போகும் படகில் ஏறினாள்.

"உங்க கடிதமும் இதே கப்பல்லதானே அத்தை போகுது!" என்று துத்தேரு அலறினான்.

"அந்த மூட்டை தபாலாபீசுக்குப் போவும். நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போவேன். இங்க நின்னு அழாதே, என் பன்னிங்களுக்குத் தீனி போடு. இனிமே அது உன் வேலை."

துத்தேரு ஓடினான்.