இமைப்பொழுதில் ஓர் ஏடு

தங்கை ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கரி சுடுறா" என்று அண்ணன் பேச்சை முடித்துவிடுவான். வெல்டிங் இயந்திரங்களுக்கு மின்சுற்று வடிவமைக்கிற பொறியாளன் அவன். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை.

அவள் சுடத்தான் செய்தாள். கரியை ஓர் அணு தடிமனுள்ள ஏடுகளாக மாற்றி, அவற்றில் இரும்பு அணுக்களைத் தூவினாற்போல் பதித்து, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் வினையூக்கியாக்குவது அவள் வேலை. ஆனால் உலை ஒரு நாள் முழுக்கச் சூடேறி, மறுநாள் முழுக்க ஆறிக் கிடக்கும். கடைசியில் வழித்தெடுத்தால் ஒரு கரண்டி தேறாது.

ஒருநாள் விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்றோடு அவனுடைய பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, இதுக்குள்ள கரித்தூளும் கொஞ்சம் இரும்பு உப்பும் இருக்கு. கண் மூடித் திறக்கறதுக்குள்ள இது மூவாயிரம் டிகிரிக்குப் போகணும். போன வேகத்துல ஆறணும்."

"வெளையாடறியா? குழாயே உருகி ஓடிடும்."

"உருகறதுக்கு அதுக்கு நேரம் எங்க இருக்கு?"

அவன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி அவனைச் சும்மா விடவில்லை. அந்த வாரமே மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே நொடியில் கொட்டும் பழைய மின்தேக்கிகளை வரிசையாகக் கோத்து, ஒரு கனத்த சுவிட்சை மாட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தான். குழாயின் இரு முனைகளிலும் கம்பியை இணைத்துவிட்டு, இருவரும் கறுப்புக் கண்ணாடி அணிந்து தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள். அவன் பொத்தானை அழுத்தினான்.

'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். குழாய்க்குள் வெள்ளை வெளிச்சம் ஒன்று பிறந்து, பார்ப்பதற்குள் போய்விட்டது. தேக்கிகளில் மின்சாரம் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு அவன் குழாயை எடுத்தான். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நறநறவென்று இருந்த தூள் பஞ்சுபோல் உப்பியிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான். ஏமாற்றமா பயமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவள் அவனை நுண்ணோக்கி அறைக்கு இழுத்துப் போனாள். திரையில் கசங்கிய மெல்லிய திரைச்சீலைகள்போல் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. ஒன்றின் ஊடாக அடுத்தது தெரிந்தது. ஏட்டின் மேல் ஆங்காங்கே வெண்புள்ளிகள்.

"அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரே ஒரு இரும்பு அணு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்க நேரம் கிடைக்கல. தனித்தனியா இருந்தாத்தான் நல்லா வேலை செய்யும். இந்தப் பஞ்சுல ஒரு கைப்பிடிய எடுத்து ஏடு ஏடா விரிச்சா, ஒரு மைதானத்தையே மூடிடலாம்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஒட்டியிருந்த கரியைத் துடைக்க மனம் வரவில்லை.

ஆனால் குழாய் அளவுக்குக் கிடைத்தது தொழிற்சாலைக்கு எந்த மூலைக்கு? ஆசை யாரை விட்டது! தேக்கிகளை இரண்டு மடங்காக்கி, கைப்பருமன் குழாயில் தூளை அடைத்தார்கள். இந்தத் தடவை படாரென்று வெடித்துத் தடுப்பெல்லாம் கரி. மின்சாரம் தனக்கு வசதியான ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தது. அந்த வழியில் மட்டும் நூலளவு ஏடு, சுற்றிலும் பழைய கரி.

"இன்னும் அழுத்தி அடைக்கலாம்," என்றான் அவன், முகத்தைத் துடைத்தபடி.

"திரும்பவும் ஒரு வழியத்தான் பிடிச்சுக்கும். பெரிசா ஒரு தடவை வேண்டாம் அண்ணா. சின்னதா, ஓயாம அடிக்க முடியுமா?"

அவன் யோசித்தான். "ஒரு தொகுதி தேக்கி அடிக்கறப்ப இன்னொண்ணு நிரம்பணும். அத நான் பாத்துக்கறேன். தூள் நிக்காம வரணும்."

"அத நான் பாத்துக்கறேன்."

சில மாதங்கள் இருவருக்கும் வீடு மறந்துபோனது. அம்மா தொலைபேசியில் திட்டித் தீர்த்தாள். தூள் எப்போதும் ஒரே சீராக விழும்படி அவள் ஒரு புனல் செய்தாள். விழுந்ததை அழுத்தி, மின்சாரத்தால் அடித்து, தள்ளிவிடும் அமைப்பை அவன் செய்தான்.

ஓட்டிப் பார்த்த காலையில் பக்கத்து அறைக்காரர்களும் வந்து சன்னலை மொய்த்தார்கள். டப், டப், டப். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வெளிச்சம். மறுமுனையில் கறுப்புப் பஞ்சு தொட்டியில் குவிந்துகொண்டே போனது. உலை ஒரு வருடம் பாடுபட்டுத் தந்ததை அது மதியத்துக்குள் கொட்டிவிட்டது.

தங்கை ஒரு சிட்டிகையை எடுத்துப் பசையாக்கி, ஒரு தகட்டில் பூசி, நீர்க்கரைசலில் இறக்கினாள். சின்ன மின்கலம் ஒன்றை இணைத்தாள். தகடு முழுவதும் முத்து முத்தாக ஹைட்ரஜன் குமிழிகள் அரும்பின, பிறகு விடாமல் மேலெழுந்தன. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த, விலையுயர்ந்த பிளாட்டினத் தகட்டுக்குச் சற்றே பின்தங்கித்தான் இருந்தது. அதை மறைக்காமல் குறித்துக்கொண்டாள்.

அண்ணன் பாத்திரத்துக்கு எதிரே குனிந்து நின்றான். தண்ணீருக்குள் இத்தனை நாளும் இது அடைந்து கிடந்ததா? கண்கள் நிறைந்துவிட்டன.

"அணைச்சிடட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

"இரும்மா," என்றான். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."