சங்க மேசையின் நாலாவது கால்

குமரி மாவட்ட ஹைட்ராலிக், நியூமாட்டிக் தொழிற்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேசைக்குக் கால் கிடையாது. கனத்த இரும்புத் தகட்டை, மூலைக்கு ஒன்றாக நான்கு பட்டறைகளின் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் தாங்க வேண்டும். கூட்டத்துக்கு முன் எண்ணெய் ஏற்றித் தகட்டை உயர்த்தி, எண்ணெய் திரும்பாதபடி வால்வுத் திருகை இறுக்கிவிடுவார்கள். நன்றியுரை முடியும்வரை எந்தச் சிலிண்டர் இறங்காமல் நிற்கிறதோ அந்தப் பட்டறைக்கு மரியாதை. இந்த வருடம் சங்கத்தின் முதல் தரமுத்திரையும் அதற்குத்தான்.

சுந்தரராஜ் வேட்டி மடிப்புக் கலையாமல் தம் மூலையில் அமர்ந்திருந்தார். பட்டறை அவருடைய அப்பா ஞானையன் பெயரில் நடக்கிறது. முத்திரையில் வேறொரு பெயர் வருவதை அவர் நினைத்தே பார்த்ததில்லை. சிலிண்டரைப் பூட்டியவன் மகன் எபின்.

நாலாவது மூலைக்காரரான செயலாளர் தாணுமாலயன் அறிக்கை வாசிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், சுந்தரராஜின் டீ டம்ளர் தானாக அவரை நோக்கி நகர்ந்தது. அவர் விரலால் தடுத்தார். தம் மூலை இறங்குகிறது! சுற்றிலும் பார்த்தார். எதிரே படகுக்கு வலை இழுக்கும் வின்ச் செய்யும் ஜான்ரோஸ் கூரையைப் பார்த்தார். ரப்பர் ஷீட் அடிக்கும் இயந்திரம் செய்யும் குலசேகரத்து ஜாஸ்மி அறிக்கையில் மூழ்கியிருந்தாள். யாரும் கவனிக்கவில்லையா, கவனிக்காதது போல இருக்கிறார்களா?

விரலை எடுத்தார். டம்ளர் நின்றது. பிறகு மெல்ல, அவரை விட்டு அப்பால் நகர்ந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கிய சிலிண்டர் பம்ப் அடிக்காமல் ஏறுமா? எபின் எதையாவது மாற்றிப் பூட்டித் தொலைத்தானா? துண்டை நழுவவிட்டு, எடுப்பதுபோல் குனிந்தார்.

தம் சிலிண்டரின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து மினுங்கியது. எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் போய்விட்டது. மற்ற மூன்று மூலைகளிலும் மூன்று கைகள் ரகசியமாகத் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தன. ஒன்றில் ஜாஸ்மியின் வளையல்.

"எல்லாரும் கைய மேல எடுங்க!"

மூவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வே தாணு, நீருமா?" என்றார் ஜான்ரோஸ்.

"நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன். கொஞ்சம்தான் திருகினேன்" என்றார் தாணுமாலயன்.

"நானுந்தான். மாமாவுக்க மூலை சரியுதேன்னு..." ஜாஸ்மி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிச்சை போடுதியளா?"

"ஐயோ அண்ணாச்சி, மேசை சாயுதேன்னு செய்தோம்" என்றார் தாணுமாலயன்.

"மேசைக்காவா, எனக்காவா?"

"ரெண்டுக்குந்தான்" என்றார் ஜான்ரோஸ்.

இதற்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா? சுந்தரராஜுக்குத் தெரியவில்லை. குனிந்து தம் திருகையும் முழுக்கத் திறந்துவிட்டார். மற்ற மூன்றும் தளர்ந்தே இருந்ததால் தகடு மொத்தமாக இறங்கி எல்லார் தொடையிலும் அமர, நாற்காலிகள் அலறியடித்துப் பின்வாங்கின.

"எழுதும் தாணு. ஞானையன் பட்டறை சிலிண்டர்தான் மொதல்ல எறங்கிச்சு."

"அதெப்படி அண்ணாச்சி? மொதல்ல திருகினவன் நானில்லா?" என்றார் ஜான்ரோஸ்.

"ஓய், உமக்கது திருகி எறங்கினது. எனக்கது சீல் போய் எறங்கினது."

"நான் உங்க ரெண்டு பேருக்கும் முந்தியாக்கும்" என்றாள் ஜாஸ்மி.

சுந்தரராஜ் தகட்டில் ஓங்கி அடித்தார். "மொதல்ல எறங்கினது நாங்கதான்! ஞானையன் குடும்பம் எதிலயும் ரெண்டாவது வராது!"

சொல்லி முடித்த பிறகு, ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே விளங்கவில்லை. மற்றவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஜான்ரோஸ் கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ முத்திரை யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் தாணுமாலயன்.

"எவனுக்கும் வேண்டாம். சீல மாத்திட்டு அடுத்த வருசம் வாறேன். அன்னிக்கு எவனாவது குனிஞ்சா தெரியும் சேதி. நீர் வாசியும்."

தகட்டோடு முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கிடந்த அறிக்கையைத் தாணுமாலயன் குனிந்து எடுத்து, விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.