மலராத மல்லிகைப் பெட்டி

1

"நீ ஐஸ் வச்சதுதாம்ட்டி தப்பு."

"வைக்காம அனுப்பினா கோயம்புத்தூர் போறதுக்குள்ள…"

"வாடினாக்கூட மணந்திருக்கும்லா."

"மொட்டு விரியாமப் போணும்னு நீதான சொன்ன?"

"போற வரைக்கும்னு சொன்னேன். போன பெறவும் விரியக் கூடாதுன்னா சொன்னேன்?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சங்கரன்கோவிலிலிருந்து வாசுதேவநல்லூர் போகும் பஸ்ஸில், என் பின்சீட்டில். திரும்பிப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து திரும்பவே இல்லை. கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். முகங்களைப் பிறகு தேடிக்கொள்வேன். இந்த வயதிலும் யாரோ பெற்ற பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து ஒரு கதையைத் தந்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். மீதியெல்லாம் என் கற்பனை.

2

ஐஸ் வைத்தவள் டெபோரா. மற்றவள் சண்முகப்ரியா. இருவரும் எம்.எஸ்சி. படிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மன்றம் கைகொடுக்க, சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகை வாங்கி, கட்டி, வெளியூர் விசேஷ வீடுகளுக்குப் பெட்டியில் அனுப்புகிறார்கள்.

இன்றைய மாணவர்கள் வேலை தேடுபவர்களாக இல்லாமல் வேலை தருபவர்களாக

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். எழுதும்போதே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.)

முதல் பெட்டி, கோயம்புத்தூரில் குடியிருக்கும் நம்மூர்ப் பார்வதியம்மாளின் மகள் வளைகாப்புக்கு. மறுநாள் பார்வதியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"பூ முத்து முத்தா இருந்துது தாயி. சாயந்தரம் வரைக்கும் முத்து முத்தாவே இருந்துது. புள்ளத்தாச்சி தலையில உப்புக்கல்லக் கோத்து வச்ச மாதிரி."

3

இங்கே எனக்கு டெபோராவின் மேல் நம்பிக்கை விட்டுப்போனது. பூ விற்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது? அடித்து அடித்து எழுதிய பிறகு காரணம் அவள் வாயிலிருந்தே வந்தது.

"எங்க சபையில பூ வைக்க மாட்டோம்லாட்டி. நான் பூவப் பாக்கது காலையில சந்தையிலதான். சாயந்தரம் அது தலையில என்ன ஆவும்னு எங்க கண்டேன்?"

சண்முகப்ரியா தன் தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இத ஒருத்திக்குச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லட்டி."

4

மன்றத்தை நடத்தும் நேசமணி மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதன்கிழமைக் கூட்டத்தில் விற்றதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. வாங்கின திட்டை, வாங்கினபடியே எழுந்து சொல்ல வேண்டும். டெபோரா உப்புக்கல்லைச் சொன்னாள். சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கைதட்டினார்கள்.

"அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னியா?" என்றார் மேடம்.

"மன்னிப்புக் கேட்டேன் மேடம்."

"அது வேற. ஒன்னக் கூப்பிட்டுத் திட்டணும்னு அவுகளுக்கு என்ன தலையெழுத்து? பேசாம வேற எடத்துல வாங்கிட்டுப் போயிருக்கலாம்லா."

அன்றைக்கே கூப்பிட்டு நன்றி சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. (இந்த மௌனத்தை எழுதத்தான் கதையே எழுதினேனோ என்னவோ.)

"வெள்ளிக்கிழம எம் மவனுக்கு நிச்சயம். இன்னொரு பெட்டி அனுப்புங்க. விரிஞ்சுதுன்னா கல்யாணப் பூவும் ஒங்களுக்குத்தான். விரியலன்னா ஒங்க நம்பர அழிச்சிருவேன் தாயி."

5

ஒரு முடிவில் பூ விரிகிறது. மேடையில் கேடயம் தருகிறார்கள். கேடயத்தை எடுத்துவிட்டேன், பிறகு மேடையையும். இன்னொரு முடிவில் விரியவில்லை. இருவரும் தனித்தனி பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். எனக்குக் கதை கொடுத்த பிள்ளைகளுக்கு அதை எழுதக் கை வரவில்லை.

ஆகவே என்னிடம் இருப்பது வெள்ளிக்கு முந்தைய ஒரு மத்தியானம். விடுதி அறை. ஐஸைக் குறைத்து ஈரத்துணி சுற்றி, சோதித்துப் பார்க்க ராத்திரி முழுக்க மூடி வைத்த பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். மொட்டுகள் மூடியே இருக்கின்றன. சண்முகப்ரியா ஒரு முழத்தை நறுக்கித் தன் தலைக்குக் கொண்டுபோகிறாள்.

"நீ வைக்காத. ஒனக்குப் பழகிப்போச்சு, எப்பம் விரிஞ்சுதுன்னே கவனிக்க மாட்ட."

டெபோரா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்காருகிறாள். அவள் இப்போது கேட்கப்போவதற்கு வரும் பதில் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள்.

"பொழுதடையற வரைக்கும் நான் வச்சிருக்கேன். வச்சு விடுதியாட்டி?"