உட்கார்ந்தவர் உயரம்

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட விஜயராணியால் முடியவில்லை. துணிக்கிழிசலை இழுத்து முடிச்சுப் போடும்போதெல்லாம் இடது கால் நழுவி மேலே போனது. போலியோவில் சூம்பிய கால். வலது காலின் கணுக்கால் வரைக்கும்தான் அது எட்டும். கடைசியில் கிழிசலை நீளமாக விட்டு, இரண்டு விரல்களுக்கும் நடுவே தொங்கும்படி கட்டினாள். தம்பி காளிராஜ் உயிரோடு இருந்தவரை அந்தக் காலை யாரையும் தொட விட்டதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று சுவரோடு சாய்ந்தான். அவ்வளவுதான். அழுது முடித்திருந்தாள். இப்போது அசதி மட்டும் மிச்சமிருந்தது.

"விஜயா, ஆச்சா? வண்டி ரோட்டுல வந்து நிக்கி." வாசலில் பெரியண்ணன் வேலுச்சாமி.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அவன் கூட்டாளிங்க வந்துக்கிட்டிருக்காவ."

"எந்தக் கூட்டாளி?"

"ரயில் கூட்டாளிங்க."

வேலுச்சாமி பின்னால் திரும்பினார். ஊர்ச் சங்கத் தலைவர் இசக்கிதுரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ரயில்ல கூட வாறவனுக்கெல்லாம் காத்திருக்கணும்னா, பிணத்த சயான் ஸ்டேஷன்லதான் கொண்டுபோயி வைக்கணும்," என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

ஃபோர்ட் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தில் காளிராஜ் லிப்ட் ஓட்டினான். தினமும் சயானில் மின்சார ரயிலின் ஹேண்டிகேப் டப்பாவில், ஊனமுற்றோருக்கான பெட்டியில், ஏறுவான். ராத்திரி சாப்பிடும்போது அந்த டப்பாவைப் பற்றித்தான் பேச்சு. காட்கோபர் ரஹ்மத்துல்லா, குர்லா ஷ்ரவண், செம்பூரிலிருந்து மாறி ஏறும் கண் தெரியாத ஜான்சி. "அங்க எவனும் எவனையும் என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டான்க்கா," என்று ஒருமுறை சொன்னான். அவள் ரசம் ஊற்றினாள்.

வேலுச்சாமி மகள் கல்யாணத்துக்கு அந்த ரயில் கூட்டாளிகளுக்குக் கொடுக்கக் காளிராஜ் மூணு பத்திரிகை கேட்டிருந்தான். "பாப்போம்" என்றார் அண்ணன். அந்த 'பாப்போம்' அப்படியே போய்விட்டது. மாட்டுங்கா மண்டபத்தில் மேடைக்கு ஏழெட்டுப் படி. "உனக்குச் சிரமம்டே" என்று அவனை வாசலில் தாம்பூலப் பை கொடுக்க உட்கார வைத்தார்கள். குடும்பப் போட்டோவில் அவன் இல்லை. வீட்டுக்கு வந்து, சாம்பார் நன்றாக இருந்தது என்றான்.

போன் அடித்தது. ரஹ்மத்துல்லா. "தீதி, ஹம் லோக் ரோட் பே ஹை." ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சந்துக்குள் ஷ்ரவண் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கரக் கைவண்டி நுழையவில்லை. சாக்கடை மூடிகள் பெயர்ந்து கிடந்ததில் ரஹ்மத்துல்லாவின் ஊன்றுகோல் நிற்கவில்லை. பரவாயில்லை, அங்கேயே நின்று பார்த்துக்கொள்கிறோம் என்றார் இந்தியில். அந்தப் பரவாயில்லை, காளிராஜ் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழக்கமான குரலில் இருந்தது.

அவள் வாய்க்கரிசித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு? வாய்க்கரிசி இங்கயே போட்டாச்சே," என்றார் இசக்கிதுரை. "நம்ம சொந்தத்துக்குள்ள உள்ள காரியம்மா அது."

"ரோடு வரைக்கும் பொம்பளைங்க வரலாமில்லா?"

"வரலாம்."

"அப்ப தட்டும் வரட்டும்."

நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். தலைமாட்டில் வலது பக்கம் வேலுச்சாமி. சந்தில் தோளோடு தோள் உரச, தொங்கும் ஒயர்களுக்குக் குனிந்து, ரோட்டுக்கு வந்தார்கள். காலையில் பெய்த மழை ஓரமெல்லாம் தேங்கி நின்றது. சவ வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அதன் பக்கத்தில் கைவண்டியில் ஷ்ரவண், ஊன்றுகோல்களில் ரஹ்மத்துல்லா. இருவரும் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்கள்.

"கொஞ்சம் இறக்குங்கண்ணே. முச்சந்தியில இறக்குறது வழக்கந்தானே."

வேலுச்சாமி இசக்கிதுரையைப் பார்த்தார். "சரி, சீக்கிரம்," என்றார் இசக்கிதுரை.

பாடையைத் தரையில் வைத்தார்கள். ஷ்ரவண் வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தான். கை எட்டவில்லை. ரஹ்மத்துல்லாவின் காலில் இரும்புப் பட்டை. குனிய முடியாது. இருவரும் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்து, ஓய்ந்து, சுற்றிக்கொண்டு போனது.

"அண்ணே," என்றாள் விஜயராணி. "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"எவ்வளவு?"

அவள் கைவண்டியின் இருக்கை மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

வேலுச்சாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டு பிடித்தால் அதிகம், தரையில் வைத்தால் குறைவு. வேட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு தேங்கிய தண்ணீரிலேயே ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையில் மூங்கிலைத் தாங்கினார். மற்ற மூவரும் ஒவ்வொருவராக அப்படியே உட்கார்ந்தார்கள்.

ஷ்ரவண் வண்டியைச் சக்கரம் ஒட்டக் கொண்டுவந்தான். தினமும் திரும்பும் ரயிலில் "சரக் நா, ராஜா" என்று தள்ளி உட்காரச் சொல்லித்தான் இவன் காளிராஜ் பக்கத்தில் இடம் பிடிப்பானாம். இப்போது தட்டிலிருந்து அரிசி எடுத்து எப்படிப் போடுவது என்று அவளைப் பார்த்தான். அவள் கையைப் புறங்கைப் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். அதுபோலவே போட்டான். ரஹ்மத்துல்லா ஓர் ஊன்றுகோலை அவளிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காளிராஜின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவர் உதடுகள் வெகுநேரம் அசைந்தன.

"ஆச்சா? தூக்கலாமா?" என்றார் இசக்கிதுரை.

தம்பியின் முகம் வேலுச்சாமியின் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் விஜயராணியை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னும் யாராவது வரணுமா?"

"ஜான்சி. கண்ணு தெரியாது. சயான்ல இறங்கிட்டாளாம். நடந்து வாரா."

இசக்கிதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வரட்டும்," என்றார் வேலுச்சாமி.

மூங்கிலைத் தொடையில் சற்று மேலே ஏற்றி வைத்துக்கொண்டார். சயான் பக்கமிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவருடைய வேட்டியில் முழங்காலில் பட்ட ஈரம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.